ஸ்டூல் மேல் நீச்சல்

பொது நீச்சல் குளத்தில் காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கு வகுப்பு எடுப்பவர் அவர். பதினெட்டு வருஷமாக எல்லோருக்கும் 'டீச்சர்'. கூடப் பிறந்த அக்காகூட ஃபோனில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஊரடங்கு அறிவித்த மறுநாளே குளத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதல் வாரம் டீச்சருக்குச் சுகமாகத்தான் போனது. ஏழு மணி வரை தூங்கினார். அலமாரிகளைக் காலி செய்து துடைத்தார். தலைமுடியிலிருந்து குளோரின் வாடை போய்விட்டதே என்று மோந்து மோந்து பார்த்துக்கொண்டார். இரண்டாம் வாரம் கை துறுதுறுத்தது. மூன்றாம் வாரம் வீட்டிலிருந்த ஒரே ஆள் மாட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த கணவர்தான் அது. அவர் சோபாவிலிருந்து எழுந்தால் தோளைத் தளர்த்தச் சொன்னார். இருமினால் மூச்சை எப்படி விடுவது என்று விளக்கினார்.

"உன் ஆளுங்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடும்மா. என்னால தாங்க முடியல" என்றார் கணவர்.

டீச்சருடைய ஆட்கள் ஏழு பேர். நாற்பது தாண்டிய பிறகு நீச்சல் கற்க வந்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் பூப்படமும் கை வைத்தியமும் தவிர எதுவும் வராது. அன்று சாயங்காலம் அதிசயமாக ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். மாடி வீட்டில் தனியாக இருப்பவர். "டீச்சர், ஒரு வருஷம் சுவரைப் பிடிச்சுட்டே நின்னேன். இப்பதான் விட்டுட்டு நாலடி வந்தேன். எல்லாம் மறந்துடும் போல இருக்கே" என்றார்.

டீச்சர் ராத்திரியே எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை ஆறு மணி, வீடியோவில் வகுப்பு. ஆளுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும்.

ஸ்டூலில் வயிற்றைக் கொடுத்துக் குப்புறப் படுத்து, கையையும் காலையும் நீட்டி அடிக்க வேண்டும். டீச்சர் செய்து காட்டும்போது ஃபோனைக் கணவர் பிடித்தார். ஏழு பேருக்கும் மின்விசிறியும் அவருடைய காதும்தான் தெரிந்தன. ஆகவே ஆளை மாற்றினார்கள். ஃபோன் டீச்சர் கைக்கு வந்தது, கணவர் ஸ்டூலுக்குப் போனார். வாளித் தண்ணீரைத் தாண்டி ஆழம் பார்த்தறியாத மனிதர். தலையை நிமிர்த்த மாட்டேன், முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு படுத்தார். காலை மட்டும் அப்படி அடித்தார்!

"சார் காலைப் பாருங்க, முட்டி மடங்கவே இல்ல" என்று பல் டாக்டரம்மா வியந்தார். மறுநாளிலிருந்து அலாரம் வைப்பது கணவர் வேலையாயிற்று.

வகுப்பு களைகட்டியது. பேக்கரிக்கார அக்கா ஸ்டூலோடு சாய்ந்தார். பல் டாக்டரம்மாவின் முதுகில் அவர் வீட்டுப் பூனை ஏறிச் சவாரி செய்தது. துணிக்கடைக்கார அம்மாவின் மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்து, மருமகள் குப்புறக் கிடந்து உதைத்துக்கொள்வதைக் கண்டு, வலிப்பு என்று பயந்து, கையிலிருந்த டம்ளர் தண்ணீரை அப்படியே முகத்தில் அடித்துவிட்டார். மற்ற ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. அரை மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு மணி நேரம் பேச்சு. யார் வீட்டுக்காரருக்கு யார் எப்படி முடி வெட்டினார்கள், யார் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் தூங்கியது, எல்லாம் அங்கே அலசப்பட்டன.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை நூலகரைக் காணோம். தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். புதன்கிழமையும் வரவில்லை. ஃபோன் அணைத்துக் கிடந்தது. டீச்சர் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். தண்ணீரில் ஏழு தலை இறங்கினால் ஏழு தலை ஏற வேண்டும். அதை எண்ணி எண்ணியே வளர்ந்த கண் அவருடையது. திரையில் ஆறு தலைகளே இருந்தன.

பேக்கரிக்கார அக்காவிடம் ரொட்டி கொண்டுபோக அனுமதிச் சீட்டு இருந்தது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நூலகர் வீட்டுக்குப் போய்த் தெருவில் நின்று கூப்பிட்டார். ஐந்தாறு தடவை கூப்பிட்ட பிறகு மாடி ஜன்னல் திறந்தது. நூலகருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று என்று வந்துவிட்டது. வெளியே வரக் கூடாதாம். ஃபோனை அவரேதான் அணைத்திருந்தார்.

பேக்கரிக்கார அக்கா அதைப் போட வைத்ததும் டீச்சர் கூப்பிட்டார்.

"எதுக்குங்க அணைச்சு வெச்சீங்க?"

"ஆளாளுக்கு ஆயிரம் கவலை இருக்கு டீச்சர். இதுல என்னோடதும் எதுக்குன்னுதான்."

"குளத்துல முழுகுறவங்க யாராச்சும் கத்திக்கிட்டா முழுகுறாங்க? சத்தமே வராது. நான்தான் பார்க்கணும். நீங்க ஃபோனை அணைச்சுட்டா நான் எங்கேன்னு பார்ப்பேன்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இனிமே அணைக்க மாட்டேன்" என்றார் நூலகர்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக் கூப்பிட்டார்கள். பல் டாக்டரம்மா தனக்குத் தெரிந்த மருத்துவரைப் பேச வைத்தார். படிக்கட்டில் சூப்பும் மாத்திரையும் வந்து உட்கார்ந்தன. நாலு மணி முறையை டீச்சரின் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுவார். ஆனால் பேச்சு கண்ணாடிக்குப் போய்விடும். நூலகர் ஏழு வருஷமாக ஒரே பவரில் படிக்கிறார் என்று தெரிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கடை திறந்ததும் முதல் கண் பரிசோதனை உங்களுக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமல் வந்தது.

காலையில் நூலகர் ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் படுத்தபடியே வகுப்பைப் பார்த்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. பன்னிரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தார். டீச்சர் ஃபோனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றார்.

ஊரடங்கின் ஐந்தாம் மாதம் குளத்தைத் திறந்தார்கள். ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. முதல் நாலு பேர் இறங்கினார்கள். உள்ளதைச் சொன்னால் தண்ணீர் வேறு, ஸ்டூல் வேறு. பேக்கரிக்கார அக்கா முதல் அடியிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார். நூலகர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டீச்சர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நூலகர் தானாகவே கையை விட்டார். நாலடி வந்தார், எட்டடி வந்தார், நடுவில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டு நின்றார். இளைத்திருந்த முகமெல்லாம் தண்ணீர்.

"திரும்பிப் போகட்டுமா டீச்சர்?"

"மூச்சு வாங்கிட்டுப் போங்க. அவசரமே இல்ல."

மணி ஏழு ஆகிவிட்டது. மீதி மூன்று பேர் கேட்டுக்கு வெளியே துண்டோடு காத்திருந்தார்கள். காவலாளி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்றார் டீச்சர், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.