வேரைத் தொடாமல் விட்ட கை

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அவள் முகத்தையே பார்க்காதவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டு மூட்டை முடிச்சோடு ஓடியிருக்கிறார்கள். வீட்டில் நாத்தனார் வைத்த பெயர் ‘ரேடியோ’.

அந்த ரேடியோவுக்கு ஒரு மழைக்காலத்தில் கடைவாய் வலி கண்டது. வலி மாத்திரையிலேயே நாளை ஓட்டினாள். கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறக்கும் என்றானபோது நாத்தனார் விடவில்லை.

“பல் போனா சொல் போச்சும்பாங்க. உனக்குப் பல் இருக்கறப்பவே சொல் போயிடும் போலிருக்கே அண்ணி. கிளம்பு.”

மருந்துக்கடை மாடியில் இருந்த பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் வீக்கம் வற்ற மருந்து கொடுத்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஞானப்பல் வெளியே வர வழியில்லாமல் தாடை எலும்புக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வேர்களோ தூண்டில் முள்ளாக வளைந்து, உதட்டுக்குப் போகும் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தன.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

அவள் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார்.

“அப்ப நான் இதைத் தொடமாட்டேன். இழுத்தா பல் வந்துரும். நரம்பு அடிபட்டா கீழுதடு மரத்துப்போயிடும், பேச்சு குழறும். இது என் கைக்கு மீறினது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.”

மாடிப்படி இறங்கும்போது அவள் கீழுதட்டை விரலால் பிடித்துக்கொண்டு ‘மேடை’ என்று சொல்லிப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை.

சொன்னபடியே டாக்டர் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். பெரிய டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துடலாம். வேர் பாட்டுக்கு உள்ளயே கிடக்கட்டும், அதுக்கு நம்ம மேல கோபம் ஒண்ணும் இல்ல.”

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

பல்லின் தலையை வெட்டி எடுத்து முடித்து, மரப்பு மருந்தின் வேகம் இறங்கிய பிறகு, சின்ன டாக்டர் ஒரு பஞ்சால் அவள் உதட்டை வருடினார். “தெரியுதா?” வாய் நிறையத் துணி. தெரிகிறது என்று அவள் தலையாட்டினாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டாக்டரின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

இன்றும் யாராவது பல்வலி என்று கன்னத்தில் கைவைத்தால் போதும், அந்த மாடிக்கு வழி சொல்லிவிடுவாள். “நம்பிப் போங்க. தன்னால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ற மனசு அவங்களுக்கு இருக்கு. நான் வாய் திறந்து சம்பாதிக்கிற சோறு அவங்க போட்டது.”