நீளப் பெயருக்கு ஒன்றாம் டோக்கன்

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலையில், "தப்பு மெஷினுடையது" என்று நாம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் காதர் பாயின் ரைஸ் மில்லில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக பாய் சொல்லியிருந்தார். நெல் கொண்டுவருகிறவரின் பெயரைத் தட்டினால், மெஷின் வரிசைப்படி டோக்கன் அடித்துத் தரும். அந்த வரிசையில்தான் அரவை.

முழுப் பெயர்

ஒரே பெயரில் ஊருக்குப் பல பேர். அதனால் அப்பா பெயர், தெரு, பட்டப்பெயர் எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். ஒன்றையும் விடாமல் தட்டுவேன். அன்று கடைசியாக வந்தவர் என் ஊரான பெருநகரின் முனுசாமி. அவர் நீட்டி முழக்கிச் சொல்லி முடித்ததும் டோக்கன் வந்தது: ஒன்று. நான் தடுப்பதற்குள் மூட்டையை முன்னால் தள்ளிவிட்டார். மேகம் கறுத்திருந்தது; நெல் நனைந்தால் அரைக்க முடியாது. காலையிலிருந்து காத்திருந்த மானாம்பதி எல்லப்பன் என் மேஜையில் கையை ஊன்றினார்.

"இன்னா தம்பி, உங்க ஊர்க்காரன்னா கடைசியா வந்தாலும் ஒண்ணாம் நம்பரா?"

பாயின் அறை

நான் எதுவும் செய்யவில்லை, மெஷின்தான் அப்படிக் கொடுத்தது என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. சாயங்காலத்துக்குள் காரணம் சொல், இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொள் என்றார் பாய். கதவருகே போன என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"பெருநகர் எந்தப் பக்கம் கீதுன்னு மெஷினுக்குத் தெரியாது தம்பி. ஒனக்குத் தெரியும்."

வழிந்த எழுத்துகள்

டோக்கன் கொடுக்க நான் எழுதிவைத்த புரோகிராமில் தப்பு அகப்படவில்லை. முனுசாமியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு நீளத்துக்கு மேல் போனதும் எண் ஒன்றுக்கு விழுந்தது. தப்பு, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியின் இன்டர்பிரட்டரில் இருந்தது. நான் எழுதிய வரிகளைப் படித்து மெஷினை நடத்துவது அதுதான். தட்டும் எழுத்துகளை அது ஒரு சின்ன இடத்தில் போட்டுவைக்கும். இடம் நிறைந்துவிட்டதா என்று பார்க்காது. மிஞ்சிய எழுத்துகள் பக்கத்தில் இருந்த டோக்கன் எண்ணை அழித்துவிட்டன. எண் காணாமல் போனதும் மெஷின் முதலிலிருந்து தொடங்கியது.

பாயையும் எல்லப்பனையும் பக்கத்தில் நிறுத்தி, எல்லப்பனை முழுப் பெயர் சொல்லச் சொன்னேன். "மானாம்பதி ஏரிக்கரைத் தெரு ரெட்டைக் கெணத்து வூட்டுக் கன்னியப்பன் மவன் குண்டு எல்லப்பன்" என்றார். அப்படியே தட்டினேன். வந்தது ஒன்று. பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லப்பன் டோக்கனை மடியில் செருகிக்கொண்டார்.

"மெஷின் சரியாத்தான் கீது பாய். என் மூட்டையை எடுத்து வெக்கச் சொல்லுங்க."

ஓர் எழுத்து

இன்டர்பிரட்டரைத் திருத்த எனக்கு வழியில்லை. இனி பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தான் என்றார் பாய். நீளப் பெயருக்கு ஒன்றாம் நம்பர் என்று கேள்விப்பட்டவர்கள் மறுநாள் முப்பாட்டன் பெயர் வரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். எல்லோரையும் ஓர் எழுத்தில் நிறுத்தினேன். முனுசாமி மட்டும் நகரவில்லை.

"எங்கப்பன் பேரை வெட்டத்தான் ஒன்னைப் படிக்க வெச்சாங்களா நைனா?"

முழுப் பெயரைத் தட்டியதால் போகவிருந்த வேலை அப்பன் பெயரை வெட்டியதால் நிரந்தரமானது. பெருநகர் பஸ்ஸில் மட்டும் இன்றுவரை யாரும் எனக்காக நகர்ந்து உட்காருவதில்லை.