அகராதியின் முழங்கால்

கடையில் எல்லோரும் அவளை அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அம்மாவும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் திட்டுவாள், எதிர்த்துப் பேசுகிறாளே என்று. கடையில் அந்தப் பெயர் வந்த கதை வேறு.

பூட்டு, குழாய், ஆணி, பெயின்ட் என்று வீடு கட்டுகிறவர்களுக்கு வேண்டிய எல்லாமும் விற்கும் கடை அது. பதினாலு படி ஏறினால் மேலே ஒரு சின்ன அறை. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கணக்கு சாஃப்ட்வேர், அதன் எதிரே அவள். கீழே விற்கிற சரக்குக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கயிற்றுக் கூடையில் வைத்து ஆட்டுவார்கள். அவள் கூடையை மேலே இழுப்பாள், பில்லைப் போட்டுக் கீழே இறக்குவாள்.

அந்த சாஃப்ட்வேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சரக்குக்குத்தான் இடம். ஒரு கடையில் அதற்கு மேல் என்ன இருந்துவிடப் போகிறது என்று அதை எழுதிய புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். ஏழாவது வருஷம் இடம் தீர்ந்துபோனது. ஒரு தடவை பில் போட்ட பெயரை அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. விற்றவருக்குப் போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவள் உட்கார்ந்து யோசித்தாள். லாந்தர் திரியை இப்போது யார் வாங்குகிறார்கள்? பெயர் சும்மாதானே கிடக்கிறது? விலையை மட்டும் மாற்றி, எல்.இ.டி. பல்பை அந்தப் பெயரில் விற்றாள். அடுத்து, மண்ணெண்ணெய் புனல் என்ற பெயரில் தண்ணீர் வடிகட்டி. அதற்கடுத்து பூவாளி என்ற பெயரில் ஷவர். பில்லில் அச்சாகும் பொய்ப் பெயருக்குப் பக்கத்தில் உண்மைப் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவாள். ஒரே ஒரு நாள் மறந்துவிட்டாள். கழிவறை இருக்கை வாங்கிப் போனவர், பில்லில் 'பீங்கான் சாப்பாட்டுத் தட்டு' என்று இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து கடையையே இரண்டாக்கிவிட்டார்.

இப்படி மாறின பெயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆரம்பத்தில் ஒரு நாள்காட்டியின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். வருஷம் முடிந்ததும் யாரோ நாள்காட்டியைக் குப்பையில் போட்டார்கள். அதற்குள் எல்லாம் அவள் தலையில் ஏறிவிட்டிருந்தது. அன்றிலிருந்துதான் அவள் அகராதி.

அன்றிலிருந்து அவளுக்கு லீவும் இல்லை. ஒரு நாள் வராவிட்டால் கீழே கையும் ஓடாது, காலும் ஓடாது. தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்தாள். ஜன்னலில்லாத அந்த அறையில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் போனது.

முதலாளி கெட்டவர் இல்லை. வருஷக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் மேலே வந்து, புதுசா மாத்திரலாமா, எப்போன்னு நீங்கதான் சொல்லணும் என்பார். இன்னும் ஒரு வருஷம் ஓடும் முதலாளி என்று அவள் சொல்லிவிடுவாள். தான் இல்லாமல் அது ஒரு நாள்கூட ஓடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதிர்ச்சாரியில் டைல்ஸ் கடையில் நடந்ததையும் அவள் பார்த்திருந்தாள். அங்கே புதுசு வந்த மூன்றாம் மாதம், இருபது வருஷமாகக் கணக்கு எழுதியவர் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டில் மாசம் நகரும்.

இதற்கு நடுவில் வலது முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. மாற்று மூட்டு வைக்க வேண்டும், ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு அவரும், எப்போன்னு நீங்கதாம்மா சொல்லணும் என்றார். உலகத்தில் இருக்கிற எல்லோரும் அவளிடமே இதைக் கேட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பது? ஆறு வாரமா என்று சிரித்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருஷம் அந்தப் பதினாலு படியையும் ஏறி இறங்கினாள்.

ஒரு நாள் காலை ஒன்பதாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கவுன்ட்டரில் கூட்டம். வேறு வழியில்லாமல் முதலாளியே மேலே ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவர் சீட்டைப் படிக்க, அவள் படியில் இருந்தபடியே லாந்தர் திரி, பூவாளி, புனல் என்று கத்த, அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தார். நாற்பது நிமிஷம் இந்தக் கூத்து நடந்தது. கீழே நின்றவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார். "அந்தக் கடை உன்னக் கட்டி வச்சிருக்கா, இல்ல நீ கடையக் கட்டி வச்சிருக்கியா?"

மறுநாள் முதலாளியிடம் போய், மாத்திரலாம் முதலாளி என்று சொன்னாள்.

புது சாஃப்ட்வேரில் எத்தனை சரக்கு வேண்டுமானாலும் போடலாம். அதைப் போட வந்த கம்ப்யூட்டர்க்காரர், பொய்ப் பெயர் ஒவ்வொன்றையும் வாசித்து இது என்னக்கா என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அடித்தார். மூன்று நாள் இது நடந்தது. முதல் நாள் நெஞ்சில் இருந்து பாரம் இறங்குவதுபோல அவளுக்குச் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் தலை காலியாகிக்கொண்டே வருவது தெரிந்தது. மூன்றாம் நாள் மதியம் இருநூற்று எழுபத்திரண்டைச் சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்தது. மிச்சம் இருந்த நாற்பதுக்கும், அதெல்லாம் பழைய சரக்கு, இப்ப இல்ல, பேர அப்படியே விட்டுருங்க என்று சொல்லிவிட்டாள். அந்த நாற்பதும் எப்போதாவது ஒன்று விற்கிற சரக்குகள்தான். தான் படுத்திருக்கும்போது வாரத்துக்கு ஒரு போன் வரட்டும், அது போதும் என்பது அவள் கணக்கு.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் கறுப்புப் பை. நலம் விசாரித்தார். பிறகு கறுப்புப் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து, கட்டிலுக்குக் குறுக்கே தள்ளுகிற சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அதை அவள் நெஞ்சுக்கு முன்னால் இழுத்து, நகராமலிருக்க அதன் சக்கரத்தைக் காலால் அழுத்திப் பூட்டினார்.

"புதுசுல எங்க இருந்தாலும் வேலை பாக்கலாமாம்மா. நீங்க இல்லாம முடியல. அதான் கடையையே இங்க கொண்டு வந்துட்டேன்."

ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து தொந்தரவு பண்ண வேண்டியிருக்கிறதே, மற்றதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, நடுநடுவில் ஒன்றிரண்டு பெயர்தான் புரியவில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். நேற்று ஒருவர் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுக்கு ஒரு ஸ்பிரிங் கேட்டாராம். புது சாஃப்ட்வேரில் அப்படி ஒரு சரக்கே இல்லையாம்.

"எலிப்பொறின்னு இருக்கும் பாருங்க முதலாளி, அதுதான்," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைக் கதவு ஸ்பிரிங் என்று ஒற்றை விரலால் திருத்தினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்த மாதிரி வேற ஏதாச்சும் விட்டுப்போச்சாம்மா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. இத எடுத்துக்கிட்டுப் போயிடுறேன், நீங்க நிம்மதியா தூங்குங்க."

முப்பத்தொன்பதும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. சொன்னால் பத்து நிமிஷம் ஆகும். ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவருக்கு நாற்பதும் தெரியாது, நாலும் தெரியாது. ஆனால் அவளைத் தெரியும்.

"ஞாபகம் இல்லைங்க," என்றாள்.

அப்படியென்றால் லேப்டாப் இங்கேயே இருக்கட்டும் என்று முதலாளி கிளம்பினார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் எழுந்து வந்து குனிந்து, சக்கரத்தின் பூட்டில் கை வைத்தார்.

"தள்ளி வைக்கட்டுமா?"

அவள் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்."