அம்பு ஸ்டிக்கரும் ஓரகத்தியின் புரதமும்

மடியில் கிடக்கும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டே சொல்கிறேன்: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால் நாள் முழுக்க அடுத்தவர் செய்த தப்பைத் தேடுவதுதானுங்க. அப்படியே பழகினவர்களுக்கு ஊட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. உங்களுக்கும் அப்படித்தானே?

ரஹமத் அக்காவின் கண்

துணியில் ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஊசி நூல் போட்டு அடைக்கிறது ரஹமத் அக்கா. ஒரு நாள் ஸ்டிக்கர் உதிர்ந்துபோய், துணி ஓட்டையோடு அப்படியே திரும்பி வந்தது. சூப்பர்வைசர் என்னைத்தான் சத்தம் போட்டார். “இவ்வளவு பெருசு தெரியலீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“அம்பு இருந்தாத்தான் கண்ணு நான் நிப்பேன். இல்லாட்டி தாண்டிப் போயிட்டே இருப்பேன்.”

ஆறிப்போன சோறு

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் சம்சாரம், கோயமுத்தூரில் ஆராய்ச்சி படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: உடம்புக்குள்ளே டிஎன்ஏ என்று ஒரு இழை. அது அறுந்தால், பக்கத்தில் இருக்கும் புரதத்தில் பாஸ்பேட் என்று ஒன்று ஒட்டிக்கொள்ளும். பழுது பார்க்க வரும் புரதத்தில் அந்த பாஸ்பேட்டுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு குழி. அதில் பொருந்தினால்தான் பிடித்துக்கொள்ளும், அதுவும் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான்.

நான் கதை சொன்னால் தூங்கிவிடுகிற மகள், வாய்ச் சோற்றை முழுங்காமல் கேட்டாள். “எங்க கம்பெனியிலயும் இப்படித்தான்...” என்று ஆரம்பித்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் மகள் சொன்னாள், அவள் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து யாராவது வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சித்தி, நீங்களே வாங்க. அம்மாவுக்குப் பேச வராது.”

இல்லாத ஓட்டை

மறுநாள் அதே நினைப்பில் நல்ல துணியில் அம்பு ஒட்டிவிட்டேன். ரஹமத் அக்கா ஊசியோடு வந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“துணி நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் எங்க கிழிஞ்சுது?”

தீர்ந்துபோன ரோல்

நேற்று ஓரகத்தி வந்து, “அக்கா, உங்க கம்பெனி அம்பு ஸ்டிக்கர் நாலு குடுங்க. பாஸ்பேட்னா இதுதான்னு பிள்ளைங்களுக்குக் காட்டறேன்” என்றாள். மகள் போயாச்சு, இப்போது ஸ்டிக்கருமா? தீர்ந்துபோச்சு என்றேன்.

“பொய்யி சித்தி! அம்மா பையில ஒரு ரோல் முழுசா இருக்குது.”

வேறு வழியில்லாமல் நாலு கிழித்துக் கொடுத்தேன். ஆக மொத்தம், செக்கிங்காரிக்குப் பொறாமையைக்கூட ஒளித்துவைக்கத் தெரியாதுங்க. இன்று மத்தியானம் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் அம்பை அவள் சரியான இடத்தில்தான் ஒட்டுகிறாளா என்று பார்ப்பேன், துளி தள்ளி ஒட்டினாலும் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் சத்தமாக... இருங்க, பாப்பா கூப்பிடுது, சித்தி வண்டி வந்துருச்சாம்.