கொடியால் கட்டிய ஆட்டுக்கூடு

உருத்திரபுரத்தில் காணி கிடைத்துக் குடிவந்த முதல் வருசம், என் கணவரின் தகப்பன் ஆட்டுக்கு ஒரு கூடு கட்டினார். அவரை நான் மாமா என்பேன். இரண்டு பேர் காவிக்கொண்டு போகக்கூடிய கூடு அது. இரு பக்கமும் நீளத்தடி, மேலே தென்னோலைக் கிடுகு, அடி வெறும் நிலம். மிளகாய் நடப்போகிற நிலத்தில் மூன்று நாளைக்கு ஒருக்கால் இடம் மாற்றி வைத்தால் புழுக்கை அங்கேயே எருவாய் விழும். நரிக்குப் பயந்து இரவில் தாய் ஆட்டையும் குட்டியையும் உள்ளே விடுவோம். எனக்குப் பால் சுரக்காததால் அந்த ஆட்டுப் பாலில்தான் என் கைப்பிள்ளை வளர்ந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கயிறு பாதிக் கூட்டோடு முடிந்தது. அங்கே என்றால் பனைநார் கிழிக்கலாம். எங்கள் காணியில் பனை இல்லை. மாமா காட்டுக்குள் போய் ஒரு பச்சைக்கொடி வெட்டி வந்தார். கயிறு மாதிரி நல்லாய் வளைந்தது. அதன் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் காணியோரத்து வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கும்போது, குளத்துக்கு அங்கால் இருக்கிற பழைய ஊர் அம்மா ஒருத்தி அந்த வழியால் வந்தா. கூட்டைக் கண்டு சிரித்தா.

"யாழ்ப்பாணத்தார் ஆட்டுக்குப் பல்லக்கோ கட்டுறியள்?"

கிட்டப் போய்க் கொடியைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உந்தக் கொடி ஆகாது பிள்ளை. ஆடு கடிச்சால் தப்பாது. மாமாவிட்டைச் சொல்லு."

தலையாட்டினேன். ஆனால் சொல்லவில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து மாமாவோடு நேரே கதைத்ததில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். கணவரிடம் சொல்லலாம் என்றால், தகப்பனைக் குறை சொல்லுகிற மாதிரி இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் விடிய ஆடு வயிறூதிக் கிடந்தது. ஒரு பக்கத்துக் கொடி முடிச்செல்லாம் சப்பியிருந்தது. குட்டிக்கு இன்னும் இலைகுழை கடிக்கத் தெரியாது. அதால் தப்பியது. மத்தியானம் ஆடு செத்தது.

பிள்ளை பசியில் கத்தினாள். கஞ்சித்தண்ணி பருக்கினேன், துப்பினாள். கேள்விப்பட்டு அந்த அம்மாதான் ஒரு செம்பில் தன் ஆட்டுப் பால் கொண்டு வந்தா.

"நான் அண்டைக்கே சொல்லிவிட்டனான் எல்லே," என்றா.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஓம் மாமா. அவா சொன்னவா. நான்தான் சொல்லேல்லை."

அவரோடு நான் நேரே கதைத்த முதற் கதை அதுதான். அவர் போய்க் குழி வெட்டினார். ஆட்டைத் தாட்டுவிட்டு வந்து, பொழுதுபட முன்னம் கொடி முழுவதையும் வெட்டி எரித்தார்.

அடுத்த நாள், அந்த அம்மா காட்டிவிட்ட மரத்தில் மாமா பட்டை உரித்து நாராக்கினார். ஒரு முடிச்சுப் போட்டவர், கையை நிறுத்தி, நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் பார்த்தார்.

"பிள்ளை, உந்த நாரைப்பற்றி அவா ஏதும் சொன்னவாவோ?"

"ஆடு திண்டாலும் ஒண்டும் செய்யாதாம்."

"அப்ப வந்து மற்றத் தலைப்பைப் பிடி."

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பிடித்தேன். அவர் இறுக்கினார். தாயில்லாத குட்டி எங்கள் காலடியில் நின்று கத்திக்கொண்டிருந்தது.