பக்கெட்டில் கடல்

2006 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, தை அமாவாசை. காலை ஆறு நாற்பது. மேகமில்லை, வாடைக்காற்று மட்டும் முகத்தில் அடித்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையின் சுவரோரம் நின்று கீழே பார்த்தேன். கல். கல்லுக்குப் பிறகும் கல். அதற்கும் அப்பால்தான் கடல்.

என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவர். அதற்கு நேர் எதிரே இறங்கித்தான் அவருடைய அஸ்தியைக் கரைத்தேன். அன்று சுவரிலிருந்து அலை வரை நாற்பத்திரண்டு தப்படி மணல். எண்ணியவன் நான். பிறகு தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லை நீட்டினார்கள். இந்தப் பக்கம் மணல் வருவது நின்றது. இருந்ததையும் கடல் வாரிக்கொண்டு போயிற்று. சாலையாவது மிஞ்சட்டும் என்று லாரி லாரியாகப் பாறையைக் கொட்டினார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் அந்தப் பாறைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, என்ன அழகான பீச் என்கிறார்கள். மணலே இல்லாத பீச்!

முந்தின நாளே என் மனைவி சொன்னாள்: "ஏங்க, வீராம்பட்டினத்துல மணல் இருக்குதாம். ஆட்டோ புடிச்சிப் போயி தர்ப்பணம் குடுத்துட்டு வாங்களேன்."

"எங்கப்பாவைக் கரைச்சது இங்க. தண்ணி குடுக்க அங்க போவணுமா?"

"எல்லாம் ஒரே கடல்தானே?"

"அப்பிடின்னா பாத்ரூம்லயே குடுத்துடறேன், போ."

சுவரோரம் ஐந்து புரோகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட். விடியுமுன் ஆள் விட்டு மொண்டு வந்த கடல் தண்ணீர்.

"ஒக்காருங்க சார். அசல் கடல் தண்ணி. வேணும்னா நாக்குல வெச்சிப் பாருங்க" என்றார் கடைசியில் இருந்தவர்.

"பக்கெட்டுல இருந்தா அது கடலா, ஐயரே?"

"கீழ எறங்காதீங்க சார், பூரா பாசி. காலைலயே ரெண்டு பேரு வுழுந்துட்டாங்க."

"மூணாவது நான் இல்ல."

எள்ளையும் செம்பையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஏழாவது பாறை. இன்னும் மூன்று தாண்டினால் அலை. கால் வழுக்கியது. இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. எள் இடுக்கில் கொட்டிவிட்டது. நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் என்னைத் தூக்கி மேலே விட்டார்கள்.

புரோகிதர் என் கைகளைப் பார்த்தார். "வலது கை நல்லாத்தானே இருக்குது? ஒக்காருங்க சார். முடிச்சிட்டே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

உட்கார்ந்தேன். வேறு எள் கொடுத்தார். பக்கெட்டிலிருந்து மொண்டு என் வலக்கையில் ஊற்றினார். அப்பாவின் பெயரைச் சொல்லி விட்ட தண்ணீர் நடைபாதை சிமெண்டில் விழுந்து, யாரோ போட்ட ஐஸ்கிரீம் குச்சியைச் சுற்றிக்கொண்டு சாக்கடை ஓட்டைக்குள் இறங்கியது. நாற்பத்திரண்டு தப்படி மணலைத் தொலைத்தவர்களில் ஒருவனுக்காவது ஒரு விரல் சுளுக்கியிருக்குமா?

ஆட்டோ நாற்பது, எக்ஸ்ரே நூற்றைம்பது, மாவுக்கட்டு ஆயிரத்து இருநூறு, மாத்திரை இருநூற்றுப் பதினைந்து, தட்சிணை ஐம்பத்தொன்று. பக்கெட் தண்ணீருக்குத் தனியாகப் பத்து ரூபாய் வாங்கினார். ஆகமொத்தம் ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறு ரூபாய்.