கணக்கில் வராத மூச்சு

நான் குடியிருக்கும் வீட்டில் சாத்திய கதவை யாரும் சட்டென்று திறப்பதில்லை. உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்திருந்தும் மூன்று தட்டுத் தட்டி, சற்று நின்று, பிறகுதான் தள்ளுவார்கள். அரிசிப் பானை இருக்கும் அறைக்கும் மூன்று தட்டு, உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்கும் மூன்று தட்டு. வந்த புதிதில் ஒரு நாள் முழுக்க அந்தத் தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்: "உள்ளே யார் இருக்கிறார், எலியா?" என் சம்பந்தியம்மா தெய்வானை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, என் கடைத்தெரு மலாய்க்கு எட்டாத வேகத்தில் மலாயில் ஏதோ சொன்னார். வீடே சிரித்தது. என் மருமகள் காமாட்சி, என் மகனிடம் கற்றுக்கொண்ட அரைத் தமிழில் எனக்குச் சொன்னாள்: "எலி கூட சாப்பிடறப்போ சொல்லாம உள்ள வந்தா கோவிக்கும் மாமா. அம்மா சொல்றாங்க."

மலாக்கா ஊருக்குள்ளேயே, காஜா பெராங் பக்கம் இருக்கிற கம்போங் செட்டி என்ற குடியிருப்பு இது. செட்டி என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் வட்டிக்கடையை நினைத்துக்கொள்வீர்கள். என் தம்பியும் அப்படித்தான் நினைத்து, அண்ணன் பெரிய இடத்தில் சம்பந்தம் செய்துவிட்டான் என்று ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தான். இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன் வணிகத்துக்காகக் கப்பலில் வந்து, இந்த மண்ணின் பெண்களைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வாரிசுகள். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துகிறார்கள். பேச்சு மலாய், அதில் பாயசத்தில் முந்திரி போல நம் சொல் ஒன்றிரண்டு தட்டுப்படும். தமிழை மறந்தார்களே தவிர சாமியை மறக்கவில்லை. கோயில்களை எண்ணத் தொடங்கி, குடும்பத்துக்கு ஒன்று போலிருக்கிறதே என்று நடுவில் விட்டுவிட்டேன். என் மகன் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரன். கல்யாணம் முடிந்ததும், "தனியா கிடக்காதீங்கப்பா" என்று மனைவியை இழந்து இதே மலாக்காவில் தனியே இருந்த என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

உண்மை தெரிந்ததும் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தமிழ் பேசாத வீட்டில் என்ன ஒட்டு, நாளைக்குக் கண்ணை மூடினால் முறை தெரிந்து ஒரு இலை போட ஆள் உண்டா, அந்த நாடு வேறு சுதந்திரம் வாங்கப் போகிறதாம், விரட்டுவதற்கு முன் மரியாதையாக வந்து சேர் என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தனியாகப் பதில் போடவில்லை. அவனைப் போல நினைப்பவர்கள் அங்கே பலர் இருக்கிறார்கள். இங்கே வந்து பெட்டியை அவிழ்க்காமலே வாழ்கிறவர்களிலும் பலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. ஏன் என்பதுதான் மிச்சம்.

கடைகளில் சுதந்திரத்துக்கான கொடித்துணியை அடுக்க ஆரம்பித்த மாதங்களில்தான் ஒரு தொற்றுக் காய்ச்சலும் வந்தது. சிங்கப்பூரில் என்றார்கள்; திரும்பிப் பார்ப்பதற்குள் எங்கள் தெருவில் இருந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் வீட்டில் முதலில் விழுந்தவன் நான். கிழவன் தேறமாட்டான் என்று எல்லோரும் முகத்தைத் தயார் செய்து வைத்திருக்க, நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்புக் குறைவு என்றேன். அடுத்துச் சம்பந்தியம்மா படுத்து எழுந்தார். கடைசியில் காமாட்சி. நோய் நெஞ்சில் இறங்கி, உதடும் நகமும் நாவற்பழம் தின்றவள் போல நிறம் மாறிவிட்டன. பெச்சா என்று இங்கே சொல்லும் மூன்று சக்கர மிதிவண்டியில் அவளைக் கிடத்தி, ஒரு பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த தற்காலிகக் காய்ச்சல் வார்டுக்குக் கொண்டுபோனோம். கடலில் இருக்கும் மகனுக்குத் தந்தி கொடுக்கக்கூட எந்தத் துறைமுகம் என்று தெரியவில்லை.

அங்கே ஓர் இளம் டாக்டர். யாழ்ப்பாண வம்சம், மலாயாவிலேயே பிறந்தவர், இங்கிலீஷ்தான் பேசுவார். உயிர் ஊசலாடுகிறவர்களைத் ஓரத்து வகுப்பறை ஒன்றில் தனியே வைத்திருந்தார். காமாட்சியின் கழுத்தில் துளையிட்டு ஒரு வெள்ளிக் குழாயைச் செருகி, அதில் ரப்பர் பை ஒன்றை மாட்டினார். சிலிண்டரிலிருந்து பைக்குள் ஆக்ஸிஜன் வரும். பையை அமுக்கினால் அவள் மார்பு உயரும், விட்டால் தாழும். அமுக்குவதற்கு இயந்திரம் கிடையாது, மனிதக் கைதான். கை நின்றால் மூச்சும் நின்றது. வார்டு ஆட்களில் பாதிப் பேர் அவர்களே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். காய்ச்சல் வந்து போனவர் யாராவது, வீட்டுக்கு ஒருவர், உள்ளே வரலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன். "நிமிஷத்துக்கு இருபது. விடாமல் எண்ண முடியுமா, ஓல்ட் மேன்?" என்று இங்கிலீஷில் கேட்டார். யாரைப் பார்த்து என்ன கேள்வி! மலாக்கா ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை எண்ணிக் கணக்கெழுதிய கிராணி நான். கூலிகள் ஓடுகிற ஓட்டத்தில், மழையில், சண்டையில் எண்ணியவன். பையை வாங்கிக்கொண்டேன்.

விரல் கணுவில் எண்ணுவதுதான் என் வழக்கம். இரண்டு கையும் பையில் இருந்ததால் வாய்விட்டு எண்ணினேன். ஒன்றிலிருந்து இருபது வரை, மறுபடி ஒன்று. அந்த அறையின் அட்டெண்டன்ட் பாக் மான் என்ற மலாய்க்காரர், வயதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். எனக்குக் கை ஓய்ந்தபோது அவர் வாங்குவார். சாத்து, டுவா என்று மலாயில் எண்ணுவார். சளியை உறிஞ்சி எடுப்பதும், அவளைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் அவர் வேலை. அவருக்குக் கடைத்தெருத் தமிழ் தெரியும். "என்ன தவுக்கே, இருபது வந்தா மறுபடி ஒண்ணு? இப்படி எண்ணினா இந்தப் பொண்ணுக்கு வயசே ஆகாது" என்று என்னை முதலாளியாக்கிக் கேலி செய்வார். எனக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. எதிரே கரும்பலகையில் யாரோ எழுதி அழிக்காமல் விட்டுப்போன கழித்தல் கணக்கு. விடை தப்பு. பத்தைக் கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கழிக்க மறந்திருந்தார்கள். கையை எடுக்க முடியாது, கண்ணையும் எடுக்க முடியவில்லை. பாக் மான் முதல்முறை பையை வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் எழுந்துபோய் அதைத் திருத்தியதுதான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பையை அமுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு அறை ஞாபகம் வந்தது. முதல் யுத்தம் முடிந்த சமயம் எங்கள் ஊரிலும் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. நான் நாகப்பட்டினத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா செல்லத்தைப் பின்கட்டு அறையில் போட்டு, மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று பெரியப்பா கதவை வெளியே தாழிட்டுவிட்டார். கதவுக்கடியில் கஞ்சித் தட்டைத் தள்ளினார்களாம். தட்டு காலியாகத் திரும்பி வந்தவரை உயிரோடு இருக்கிறாள் என்று கணக்கு. நான் வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது, அறை கழுவியிருந்தது. செல்லம் கதவைத் தட்டினாளா என்று கேட்டேன். சாப்பிட வா என்றார்கள். தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்கு இது தெரியாது. சில மாதத்தில் நான் கப்பல் ஏறிவிட்டேன். பிழைக்க வந்தேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சம்பந்தியம்மாவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, கதவு வழியாக மகளின் மார்பு உயர்வதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டிருப்பார். காற்றில் கதவு சாத்திக்கொள்கிறது என்று முதல் நாளே வீட்டிலிருந்து அம்மிக் குழவியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, "பெசான்!" என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கையைக் காட்டுவார். பெசான் என்றால் சம்பந்தி. அவர் சமைத்து அனுப்பும் சம்பாலின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வரும். அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் அனுப்புவார்.

நான்காம் நாள் காலை டாக்டர் வந்து, அவள் கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என் தோளில் கைவைத்து, முதல்முறையாகத் தமிழில் பேசினார். "ஐயா, பிள்ளைக்குத் தன்ர மூச்சு இல்லை. நீங்கள் ஊதுற காத்துத்தான் போய் வருது. இனி ஒண்டும் செய்யேலாது. நீங்களும் களைச்சுப் போனியள். விடுங்கோ."

"டாக்டர், இத்தனை நாள் இங்கிலீஷ் பேசினீங்க. தமிழை இதுக்குத்தானா பத்திரமா வச்சிருந்தீங்க? நல்ல சேதி இருந்தா தமிழ்ல சொல்லுங்க. இதை இங்கிலீஷ்லயே வச்சுக்குங்க" என்றேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணுவதை நிறுத்தவில்லை.

அவர் கோபிக்கவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை; நின்றபடியே தூங்குகிற மனிதரைப் போல இருந்தார். அமுக்குவதற்கு இனி ஆள் இல்லை என்றும் சொன்னார், அது பொய்யல்ல. உயிர் போகும் நேரத்தில் மற்ற நோயாளிகள் பார்க்காதபடி கதவைச் சாத்துவது அங்கே வழக்கம். பாக் மான் தலையைக் குனிந்துகொண்டு போய்க் குழவியை எடுக்கக் குனிந்தார். சம்பந்தியம்மா அதன்மேல் காலை வைத்தார்.

"பெலோம் மாத்தி. ஜாங்ஙான் துத்துப்" என்றார். இன்னும் சாகவில்லை, சாத்தாதே.

"டாக்டர் சொல்லிவிட்டார், அக்கா" என்று பாக் மான் மலாயில் கெஞ்சினார். அந்த அம்மா பதிலுக்குச் சொன்னது எனக்கே புரிந்தது. எங்கள் வீட்டில் யாருக்காகக் கதவைச் சாத்துவோம் தெரியுமா உனக்கு? இலை போட்டுப் படைத்துவிட்டு, செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று சாத்துவோம். என் மகள் சாப்பிட வந்தவளா? அவள் இருக்கிறவள். இருக்கிறவளுக்குக் கதவு திறந்துதான் இருக்கும். ஆள் இல்லையா? வாசலைப் பார்.

வாசலில் காய்ச்சலில் படுத்து எழுந்த மூன்று பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ராஜா, காப்பிக்கடைச் சீனர், மீன் விற்கும் மலாய்க்காரி ஒருத்தி. சம்பந்தியம்மா அவர்களை எப்போது வரச் சொன்னார், எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் அவர்களைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவைத்து, "நாளை மாலை வரை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் கையிலிருந்து பையை வாங்கி முதல் முறையை அவரே எடுத்துக்கொண்டார். பாக் மான் குழவியை இன்னும் கொஞ்சம் நன்றாக முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றும் மறுநாளும் அந்த அறையில் எத்தனை பாஷையில் எண்ணினார்கள்! சீனர் ஒவ்வொரு எண்ணையும் திட்டுவது போலச் சொன்னார். மீன்காரி எண்ணாமல் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன், இருபது சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "எண்ணுங்கள், எண்ணுங்கள்" என்று நச்சரித்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பை என் கையில் இருந்தது. ஒன்பது என்று அமுக்கிவிட்டேன். பத்துக்கு இன்னும் அமுக்கவில்லை. மார்பு உயர்ந்தது. எனக்கு முதலில் வந்தது பதற்றம். கிட்டங்கியில் ஒரு மூட்டை குறைந்தால் திருட்டு, ஒரு மூட்டை கூடினால் அதைவிடத் தொல்லை. எங்கோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இன்னொன்று வந்தது. என் கணக்கில் வராத மூச்சு. நான் கொடுக்காதது. வராந்தாவில் பெஞ்சு கீழே விழும் சத்தம் கேட்டது, சம்பந்தியம்மாவும் பார்த்துவிட்டார். டாக்டர் ஓடிவந்தார். என்னைப் பையை மெதுவாக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இந்த முறை அவர் எண்ணினார். பிறகு, "ஐயா, மூச்சு எடுக்கிறாள்" என்றார். தமிழில்.

பை கழன்றது, குழாய் கழன்றது, கழுத்துத் துளை மூடியது. குரல் மட்டும் பழையபடி வரவில்லை. கரகரவென்று ஆண்பிள்ளைக் குரல். வீட்டுக்கு வந்த சில நாளில் அந்தக் குரலில் கேட்டாள்: "மாமா, செல்லம் யாரு?" எண்ணுவதற்கு நடுவில் அந்தப் பெயர் என் வாயில் வந்திருக்கிறது. எத்தனை முறை வந்ததென்று எனக்கே தெரியாது, அவளுக்குக் கேட்டிருக்கிறது. சொன்னேன். அவள் தன் அம்மாவிடம் மலாயில் சொன்னாள். அந்த அம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

அது மாம்பழக் காலம். முன்னோருக்குப் பழம் வைத்துப் படைப்பதை இவர்கள் பார்ச்சு என்கிறார்கள். வீட்டில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. கூடத்து அறையில் வரிசையாகப் போட்டிருந்த இலைகளை வழக்கம்போல் எண்ணினேன். இரண்டு கூடுதலாக இருந்தது. தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தியம்மா ஒன்றைக் காட்டி என் மனைவியின் பெயரைச் சொன்னார். மற்றதைக் காட்டி, "செல்லாம்" என்றார். அக்காவின் இலையில் கஞ்சி இல்லை. சோறு, மீன், அந்த நெருப்புச் சம்பால், ஒரு முழு மாம்பழம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். நேரம் ஆனதும், "பெசான், நீ தட்டு" என்றார். மூன்று தட்டத்தான் போனேன். எத்தனை தட்டினேன் என்று தெரியாது, எண்ணவில்லை. யாரும் என்னை நிறுத்தவும் இல்லை.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். எனக்கு இலை போட ஆள் உண்டு, இடமும் உண்டு. அந்த வரிசையில் செல்லத்துக்குப் பக்கத்தில். சுதந்திரம் வாங்கிய நாடு என்னை விரட்டுகிறபோது விரட்டட்டும். அந்தக் குழவியில் யார் காலை வைப்பார் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் எனக்கு ஓர் இலை போட்டுத்தான் தீருவேன் என்று நீ சொன்னால் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்கட்டு அறையில் போடு. ஆனால் கதவை உடனே திறந்துவிடாதே. நான் இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், நடுவில் கடல் இருக்கிறது. அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நின்று, மரியாதையாகத் தட்டிவிட்டுத் திற.